பாசி எடுக்கும் அக்காவிடம் பாலிசி விற்கச் சொன்னால்

எங்கள் வங்கிக் கிளையில் இன்னொரு தம்பியும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். வயது இருபத்தாறு. மூன்று வருடத்துக்குள் விலகினால் கட்டுவேன் என்று சேரும்போது எழுதிக் கொடுத்த பாண்டு பணம் 2 லட்சத்தைக் கட்டிவிட்டுத்தான் போகிறான். இந்த மாதிரி பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவன் வழக்குக்கெல்லாம் போகவில்லை, அம்மாவின் சங்கிலியை வைத்துக் கட்டினான்.

"பேங்க் வேலைய எவனாச்சும் விடுவானா?" என்று ஊரே கேட்கிறது. புதிதாகச் சேரும் அதிகாரிக்கு அடிப்படைச் சம்பளமே 48,480 ரூபாய். கேட்கத்தான் செய்வார்கள்.

ஆள் பற்றாக்குறை, மூன்று வருடத்துக்கு ஒரு மாறுதல், ராத்திரி எட்டு மணிக்கும் அணையாத விளக்கு, எல்லாம் உண்மைதான். ஆனால் அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். தாங்க முடியாதது வேறு.

மண்டபம், பாம்பன் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகெல்லாம் கரையில்தான். அரசு தருகிற 8,000 ரூபாய் எத்தனை நாளுக்கு வரும்? தோட்டையும் மூக்குத்தியையும் முந்தானையில் முடிந்துகொண்டு பெண்கள் வந்து நிற்பார்கள். கடல்பாசி எடுத்து எடுத்துத் தேய்ந்துபோன விரல், ரேகை மெஷினில் விழாது. துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை வைப்போம். அந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து போன் வரும்: "இன்னைக்கு எத்தனை பாலிசி?" நகைக்கடனுக்கு வந்தவரிடமே காப்பீட்டு பாலிசியை விற்க வேண்டுமாம். விற்காதவர் பெயரைச் சாயங்காலம் வீடியோ மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள்.

வருடம் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டையும் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் நானே வற்புறுத்திப் போட வைப்பேன். கடலுக்குப் போகிற வீட்டுக்கு அது கட்டாயம் வேண்டும். நான் சொல்வது வருடம் 25,000 கட்டுகிற பாலிசியை.

நானும் விற்றிருக்கிறேன். கருவாடு விற்கிற ஒரு அக்காவுக்கு, 2021-ல். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தாயி" என்று கைநாட்டு வைத்தார். அடுத்த வருடம் கட்ட முடியவில்லை. ஒரு வருடம் மட்டும் கட்டியவருக்கு அந்த மாதிரி பாலிசியில் அன்றைக்கு ஒன்றும் திரும்பி வராது. 2024 அக்டோபரில்தான் விதி மாறியது. அக்கா சண்டைக்கு வரவில்லை. "போகட்டும் தாயி, நீ என்ன செய்வ" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவர் நகை வைப்பது கடைத்தெரு அடகுக் கடையில், எங்களைவிடக் கூடுதல் வட்டிக்கு.

1969-ல் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கியது, வட்டிக்காரரிடம் போய் நிற்கிறவர்களை வங்கிக்குக் கூட்டிவரத்தானே? அந்த அக்காவை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ராஜினாமா கொடுத்த தம்பி, அந்த மாதிரி விற்க மாட்டேன் என்றான். அவனுக்குத் திறமை போதாது என்று எழுதி வைத்தார்கள்.

பாலிசிக் கணக்கை ஊழியரின் மதிப்பெண்ணிலிருந்து எடுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான். கூட்டத்தில் எழுந்து கேட்டேன், பதில் இல்லை.

நான் சேர்ந்தது 2009. 2010 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு இல்லாத பழைய பென்ஷன் எனக்கு உண்டு. 2029-ல் இருபது வருடம் முடிகிறது. விருப்ப ஓய்வுக் கடிதத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.