பஸ்டர் கீட்டனை வீழ்த்தியது ஒலி அன்று

பேசும்படம் வந்ததால்தான் அமெரிக்க மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் திரைவாழ்வு முடிந்தது என்று எங்கே படித்தாலும் மனம் பொறுப்பதில்லை. 1895இல் கான்சாஸில் பிறந்து, சிறு குழந்தையாகவே பெற்றோருடன் மேடையேறி, இருபத்தொரு வயது வரை மேடையிலேயே வளர்ந்தவருக்கு வாய்திறந்து பேசுவதா வராது? ஹாலிவுட்டின் பெரிய பட நிறுவனமான எம்.ஜி.எம்.முக்காக அவர் நடித்த பேசும்படங்கள் நன்றாகவே ஓடின.

அவர் இழந்தது வேறு. 1920களில் தம் சொந்த ஸ்டூடியோவில் படமெடுத்தபோது, எழுதி முடித்த திரைக்கதை என்ற ஒன்றே அவரிடம் இருந்ததில்லை. தொடக்கமும் முடிவும் பிடிபட்டுவிட்டால் நடுப்பகுதி தானே அமையும் என்று அவர் நம்பினார். 1923இல் வந்த 'திரீ ஏஜஸ்' படத்துக்காக ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியபோது, பிடி நழுவி உண்மையாகவே கீழே விழுந்தார். அந்தக் காட்சியை மறுபடி எடுக்காமல், விழுந்ததை அப்படியே வைத்துக்கொண்டு அதன் தொடர்ச்சியாகப் புதிய நிகழ்வுகளைக் கோத்தார். தவறுவதற்கு இடமிருந்ததால் பிறந்த கலை அது.

1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், புயலில் திகைத்து நிற்கும் அவர்மீது ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதுமாகச் சாய்கிறது. திறந்திருந்த மாடிச் சன்னல் அவர் நின்ற இடத்தில் சரியாக வந்து விழுவதால் பிழைக்கிறார். சுவரின் கனம் உண்மையானது, இடைவெளியோ சில அங்குலம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

அதே 1928இல், தம் படங்களின் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்கின் பேச்சைக் கேட்டு, சாப்ளின் எச்சரித்தும் கேளாமல், தம் ஸ்டூடியோவை விட்டு எம்.ஜி.எம்.மில் சேர்ந்தார். தம் வாழ்வின் மிகப் பெரிய தவறு என்று பின்னாளில் அவரே வருந்திய முடிவு இது. அங்கே எடுத்த முதல் படமான 'காமிராமேன்' இன்றும் அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன்பின், பலர் கூடி எழுதி ஒப்புதல் தந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் போகும் நடிகராக அவரைச் சுருக்கிவிட்டார்கள். குடியும் மணமுறிவும் சேர்ந்துகொண்டன என்பதை நான் மறைக்கவில்லை. 1933இல் வேலையும் போயிற்று. பிற்பாடு அதே நிறுவனத்தில், மற்ற நடிகர்களுக்கு நகைச்சுவை யோசித்துக் கொடுப்பவராக உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இருந்த கலைஞன் மட்டும் சாகவில்லை. கனடாவில் எடுத்து 1965இல் வெளிவந்த 'ரெயில்ராடர்' குறும்படத்தில் வசனமே பேசாமல் நடித்தார். உயரமான ரயில் பாலத்தைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு மோட்டார் வண்டியில் கடக்கும்போது பெரிய வரைபடம் ஒன்று தம்மேல் சுற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவரது யோசனை. ஆபத்து என்று இயக்குநர் தயங்கியும், விடாப்பிடியாக வாதாடி அதைச் செய்தே காட்டினார். அப்போது அவருக்கு வயது 69 இருக்கும்.