இதுவா பயிற்சி?

வெருகலிலிருந்து விடியவே பஸ் ஏறித் திருகோணமலைக்கு வரும் ஆசிரியைக்குச் சேவைக்காலப் பயிற்சியில் கிடைப்பது, சுவரில் ஓடும் ஸ்லைடுகளும் ஒரு கோப்பும்தான். 2007 பாடத்திட்டத்தோடு வந்த, ஆங்கில 'E' எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளில் கற்பிக்கும் 'ஐந்து ஈ' முறையைக்கூட விரிவுரையாகவே நடத்துகிறார்கள். பிள்ளைகள் தாங்களே செய்து கண்டறிய வேண்டும் என்பதுதானே அதன் உயிர்! ஆசிரியர்களை ஒருதடவையாவது அப்படிச் செய்யவிட்டால் என்ன? மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல், அப்புறம் கையொப்பம், அவ்வளவுதான். அன்றைக்கு அவருடைய வகுப்பு ஆளில்லாமல் கிடந்திருக்கும், அது வேறு.

எனக்குப் பொறுக்காதது இதற்குப் பிறகு நடப்பதுதான். அடுத்த கிழமை அந்த வகுப்பை எட்டிப்பார்க்க ஒருவரும் வருவதில்லை. பின்னக் கணக்கில் அரைக்கும் காலுக்கும் பொதுப் பகுதியெண் எடுக்கத் தெரியாமல் பிள்ளை முழிக்கும்போது, பக்கத்தில் நின்று "கடதாசியை மடித்துக் காட்டிப் பாருங்கோ டீச்சர்" என்று சொல்ல ஓர் ஆசிரிய ஆலோசகர் வேண்டும். பயிற்சியை வகுப்பறைக்கே கொண்டு வாருங்கள்.