ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு குடித்தனம்

(காலை 10 மணி. டார்ச்சும் நோட்டுமாகக் கொசுப்புழு பார்க்க வந்திருக்கிறார் செல்வி. வாசலை மறித்தபடி ராமசாமி.)

ராமசாமி: இங்க ஏம்மா வர்ற? சாக்கடை தெருக்கோடியில இருக்கு.

செல்வி: டெங்கு கொசு சாக்கடைப் பக்கம் போகாது சார். உங்களை மாதிரியே நல்ல தண்ணிதான் கேக்கும். வீட்ல எத்தனை பேர்?

ராமசாமி: நானும் வீட்டுக்காரியும். ரெண்டே பேர்.

செல்வி: இந்த ட்ரம்?

ராமசாமி: தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வருது. பிடிச்சு வைக்காம? வாராவாரம் கவுத்துடறேனே!

செல்வி: தேய்ப்பீங்களா?

ராமசாமி: கவுத்தா போதாதா?

செல்வி: முட்டை தண்ணிக்கு மேல, ட்ரம் சுவர்ல ஒட்டியிருக்கும் சார். காஞ்சாலும் மாசக்கணக்கா உசுரோட இருக்கும். திரும்பத் தண்ணி ஏறினா பொரிச்சிடும். நார் போட்டுத் தேய்ங்க. முட்டை கொசுவாக 7-லேருந்து 10 நாள்தான்.

ராமசாமி: எங்கம்மா பானையில வச்சாங்க, டெங்கு வந்துச்சா?

செல்வி: கிணத்துத் தண்ணி, தினம் பானையக் கழுவி ஊத்தியிருப்பாங்க. ஃப்ரிட்ஜும் இருந்திருக்காது. கொஞ்சம் நகருங்க, பின்னாடி பாக்கணும்.

ராமசாமி: ஃப்ரிட்ஜ்லயா? குளிர்ல விறைச்சுப் போயிடுமே!

செல்வி: குளிரெல்லாம் உள்ள. உருகுற பனித்தண்ணி கம்ப்ரசர் மேல ஒரு தட்டுல விழும். அந்தச் சூட்டுல ஆவியாகணும். மழைக்காலத்துல ஆகாம நிக்கும். பாருங்க.

ராமசாமி: ஐயையோ, தலைகீழாத் தொங்குது! வெளிச்சம் பட்டதும் அடியில ஓடுது!

செல்வி: வால்ல குழாய் இருக்கு, அதாலதான் மூச்சு விடும்.

ராமசாமி: எதிர்வீட்டுக் கொசு வந்து முட்டை போட்டிருக்கும்.

செல்வி: இருக்கலாம். ஆனா இது பெரும்பாலும் 100, 200 மீட்டருக்குள்ளயே சுத்தும். பொறந்த வீட்டை விட்டு எங்க போகப் போகுது?

ராமசாமி: கடிக்கட்டுமே. ராத்திரி வலைக்குள்ளதானே படுக்கறேன்!

செல்வி: இது பகல்ல கடிக்கும். நீங்க மத்தியானம் சட்டையில்லாம ஊஞ்சல்ல...

ராமசாமி: அது உனக்கெப்படித் தெரியும்?

செல்வி: அதுங்களுக்குத் தெரியும் சார்.

ராமசாமி: சரி, புகை அடிச்சுட்டுப் போ.

செல்வி: புகை பறக்கறதைத்தான் கொல்லும். நீந்தறதை நீங்கதான் ஊத்தணும், காஞ்ச மண்ணுல. அப்புறம் தட்டைத் தேய்ங்க. நோட்டுல எத்தனை பேர்னு எழுத?

ராமசாமி: ரெண்டுன்னு சொன்னேனே! (தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறார்.) துளசிக்கு ஊத்திடறேன், வீணாகாது.

செல்வி: சார்! தொட்டிக்கு அடியிலயும் தட்டு வச்சிருக்கீங்க சார்!