ஆர்டர் கிட்டார்தான் வேண்டுமா?
'ஆர்டர் கொடுத்துச் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரில்தான் உண்மையான ஒலி வரும்' என்று இங்கே வந்த கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. 1954ல் வந்த, ஃபெண்டர் கம்பெனியின் புகழ்பெற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரே தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்பட்டதுதான். விரல் வைத்து வாசிக்கும் நீளமான கழுத்தைத் தனியாகச் செய்து உடலோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பதால், கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றலாம். களியக்காவிளை பக்கம் எங்கள் சர்ச் கொயர் பையன்கள் வைத்திருப்பதெல்லாம் திருவனந்தபுரம் கடைகளில் மடியில் வைத்து வாசித்துப் பார்த்து வாங்கியவை. ஆர்டர் கிட்டாரில் அது ஏது? முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்து, வந்தபின் கழுத்தின் தடிமன் கைக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வது? விற்கப்போனாலும் கேள்விப்படாத பெயருக்கு விலை படியாது. மேலே கருத்து எழுதிய ஒருவர் 'ரெடிமேட் கழுத்து நம்ம ஊர் மழைக்கு வளைந்துவிடும்' என்கிறார். ஐயா, ஈரக்காற்று எந்த மரத்தையும் விடாது, ஆர்டர் கொடுத்துச் செய்ததும் வளையத்தான் செய்யும். அதற்காகத்தானே கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற, வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியை வைத்திருக்கிறார்கள்? ஜூனில் மழை பிடித்ததும் ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பெரும்பாலும் நேராகிவிடும். இடக்கைக்காரர்கள் ஆர்டர் கொடுத்தால் நியாயம் உண்டு, அவர்களுக்குக் கடையில் கிடைப்பது அபூர்வம். மற்றவர்கள் மிச்சமாகும் பணத்தில் நல்ல ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்குங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும் ஆம்பும்தான்.