டொமைன் யாருடைய பெயரில் இருக்க வேண்டும்?

நேற்றிரவு ஒரு தம்பி இன்பொக்ஸில் வந்தார். தனியாக வேலை எடுக்கத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறதாம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நகைக்கடைக்கு இணையத்தளம் செய்யப் போகிறார். "அண்ணா, எவ்வளவு கேட்கலாம்? டொமைனை என்ட பெயரில எடுக்கவா, அவங்கட பெயரில எடுக்கவா?" என்று கேட்டிருந்தார். டொமைன் என்றால் தளத்தைத் திறக்கத் தட்டுகிற முகவரிப் பெயர். அதைக் காசு கட்டிப் பதிந்து, தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு நான் எப்போதும் சொல்கிற பதிலையே சொன்னேன். எத்தனை பக்கம், எத்தனை மொழி, படங்களை யார் எடுப்பது, நாளை விலை மாறினால் யார் மாற்றுவது என்பதையெல்லாம் முதலில் எழுதுங்கள். அதற்கு எத்தனை நாள் போகும் என்று எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு தொகை சொல்லுங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்துத் தொகை சொல்லாதீர்கள்.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. ஏனென்றால் அந்தத் தம்பி இதை இன்னும் நாலு பேரிடம் கேட்டிருக்கிறார். நாலு பேரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்கள்: "உன்ட பெயரிலயே எடு. அப்பதான் பிடி உன்ட கையில இருக்கும். காசு தராட்டி சைட்டை நிப்பாட்டலாம்."

இந்த அறிவுரை தவறு. பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் நானும் அதே பிடியை வைத்திருந்தவன்தான்.

புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவில் சாரிக்கடை வைத்திருக்கும் ஒரு ஐயா, போன வருடம் தீபாவளிக்குச் சில வாரம் முன்பு என்னைத் தேடி வந்தார். அவருடைய தளத்தை வேறொருவர்தான் செய்திருந்தார். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. 2022இல் பல பேர் நாட்டை விட்டுப் போனார்களே, அந்தத் தளத்தைச் செய்த தம்பியும் அப்போதுதான் கனடாவுக்குப் போனார். யார் மீதும் பழி போட முடியாத காலம் அது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது. வருடக் கட்டணம் 12 டொலர் என்று வைத்தாலும், 2,400 ரூபாய்க்குப் புதுப்பித்த ஒரு டொமைனுக்கு 4,300 ரூபாய் வேண்டியிருந்தது. அதைக் கட்டப் போனால் பல வங்கி அட்டைகளில் வெளிநாட்டுக் கட்டணம் போகவில்லை. என் அட்டையே இரண்டு முறை மறுக்கப்பட்டது.

சாரிக்கடையின் டொமைன் அந்தத் தம்பியின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய இலங்கை போன் நம்பரில் பதிந்திருந்தது. போன் நம்பர் காலாவதியாகிவிட்டது. பழைய மின்னஞ்சலை அவர் திறப்பதில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த எச்சரிக்கைகள் எல்லாம் யாரும் பார்க்காத ஒரு பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தன. ஐயாவுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்தக் கணக்கு அவருடைய பெயரில் இல்லையே!

டொட் கொம் பெயர் ஒன்று காலாவதியானால் அன்றே பறிபோய்விடாது. பதிவு செய்த நிறுவனம் 45 நாள் வரை பொறுக்கலாம். சில நிறுவனங்கள் அதற்குள்ளேயே ஏலத்துக்கு விட்டுவிடும். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது. அதில் எடுக்க வேண்டுமென்றால் வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் போனால் கடைசியாக 5 நாள், பிறகு யாரும் வாங்கலாம். அதாவது இரண்டு மாதத்துக்கு மேல்கூட அவகாசம் இருந்திருக்கலாம். உரியவருக்கு மட்டும் தெரியவில்லை. ஐயா என்னிடம் வந்த நேரம் அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்தது.

தளம் போனதைவிட அவருக்கு வலித்தது வேறு இரண்டு விஷயம். ஒன்று, மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் மொத்தமாக வாங்குகிறவர்கள் ஓடர் அனுப்பும் மின்னஞ்சலும் அதே டொமைனில்தான் இருந்தது. இரண்டு, கடைப் பைகள். தீபாவளிக்கென்று அச்சடித்து வைத்திருந்த அத்தனை பையிலும் அந்த முகவரிதான். அவரும் மகளும் பின்னால் ஸ்டோரில் உட்கார்ந்து, ஒவ்வொரு பையாக எடுத்து, அந்த வரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஒரு குடும்பத்தைச் சூதாட்ட விளம்பரத்துக்கு அனுப்பக்கூடாது என்று அந்த மனிதர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஊரில் வீடு கட்டுகிறோம். மேசன் பாஸ் வந்து அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரையும் போட்டுத் தருகிறார். காணி உறுதியை அவர் தன் வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனால் ஒத்துக்கொள்வோமா? டொமைன் என்பது அந்த உறுதி. பதிவில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் அதை வைத்திருப்பவர். ஒவ்வொரு வருடமும் கடைக்காரர்தான் காசு கொடுத்தார் என்பதை அந்தப் பதிவு சொல்லாது.

"காசு தராமல் ஏமாற்றினால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த நகரத்தில் எங்களை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் நடந்திருக்கிறது.

2016இல் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு டியூஷன் நிலையத்துக்குத் தளம் செய்து கொடுத்தேன். 30,000 ரூபாய் மிச்சம். நாலு மாதம் இழுத்தடித்தார்கள். எனக்கு வீட்டு வாடகை நெருக்கியது. ஒரு திங்கட்கிழமை காலை தளத்தை நிறுத்தி, "கட்டணம் செலுத்தப்படாததால் இத்தளம் இடைநிறுத்தப்பட்டுள்ளது" என்று பெரிய எழுத்தில் போட்டேன். புதிய வகுப்புகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற வாரம் அது. பெற்றோர் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். மறுநாளே காசு வந்தது. ஆனால் அந்த வீதியில் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் வரவில்லை. அதைக்கூடத் தாங்கலாம். நேர அட்டவணை பார்க்க வந்த பிள்ளைகளுக்கும் என் 30,000 ரூபாய்க்கும் என்ன சம்பந்தம்? அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நான் செய்தது பிழை.

இப்போது அது சட்டச் சிக்கலாகவும் ஆகலாம் என்று தெரிந்துகொண்டேன். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் ஒருவருடைய கணக்குக்குள் நுழைவதைக் குற்றம் என்கிறது. வேலை முடிந்த பிறகு பழைய பாஸ்வேர்டை வைத்து உள்ளே போய் எதையாவது அணைத்துவிட்டு, "எனக்குக் காசு வர இருக்கிறது" என்று சொன்னால் அது போதாது.

அப்படியானால் பிடி எது? இன்னும் கொடுக்காத வேலைதான் பிடி. நான் பாதித் தொகை கைக்கு வராமல் ஒரு கோடும் கீறுவதில்லை. தளத்தை என் சொந்த முகவரியின் கீழ்க் கட்டுகிறேன். கடைக்காரர் அங்கே வந்து பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம். வடிவமைப்புக்குச் சம்மதம் சொன்னதும் இன்னொரு 30 வீதம். மிச்சம் 20 வீதமும் வந்த பிறகுதான் அவருடைய டொமைனுக்கும், தளத்தின் கோப்புகளை வைக்கிற ஹோஸ்டிங்குக்கும் மாற்றுவேன். மாற்றிய பிறகு அது அவருடையது. அதற்கப்புறம் என் கையில் எதுவும் தேவையில்லை.

பேசியதை எழுத்தில் வையுங்கள். பெரிய ஒப்பந்தம் வேண்டாம். ஒரு மின்னஞ்சலில் வேலை, தொகை, திகதி மூன்றையும் எழுதி அனுப்பி, "சம்மதம்" என்று ஒரு பதில் வாங்குங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னஞ்சலில் செய்த உடன்பாடு என்பதற்காகவே அதைச் செல்லாது என்று தள்ள முடியாது. அப்படியும் தராதவர்களுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் இயங்குகிறது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே போய்ப் பேசலாம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதை அடுத்த வீட்டு மதில் சண்டைக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். கடன் பாக்கிக்கும் போகலாம். என் நண்பர் ஒருவர் அப்படிப் போய்த் தவணை முறையில் முழுத்தொகையும் வாங்கினார்.

இன்னொரு விஷயமும் அந்த மின்னஞ்சலில் வர வேண்டும். தமிழ் உள்ளடக்கம் எப்படி வரும்? கடைக்காரர்களில் பலர் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைத்தான் தருகிறார்கள். அதை இணையத்தில் எங்கும் சரியாகத் தெரிகிற யுனிகோடுக்கு மாற்றிவிடலாம், ஆனால் மாற்றியதை வரிவரியாக வாசித்துத் திருத்த நாள் போகும். அதற்குத் தனியாகக் காசு கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. ஆங்கில வடிவமைப்பில் அழகாக நின்ற பட்டன் தமிழில் உடைந்து இரண்டு வரியாவதும், எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதுவும் வேலைதான்.

சரி, டொமைனுக்கு வருவோம். முதல் சந்திப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சல், முதலாளியின் போன் நம்பர், பதிவு நிறுவனத்தில் அவருடைய பெயரிலேயே கணக்கு, கட்டணம் அவருடைய அட்டையில். "எனக்கு இதெல்லாம் விளங்காது, நீங்களே பார்த்துச் செஞ்சிடுங்க தம்பி" என்பார். அப்போதுதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். மகனையோ மகளையோ கூப்பிடச் சொல்லுங்கள். கூட உட்கார்ந்து செய்யுங்கள். உங்களுக்குத் தேவையான அனுமதியை அவர்கள் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

சாவியைக் கொடுத்தால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறீர்களா? போவார்கள். என்னிடமிருந்து மூன்று பேர் போனார்கள், ஒருவர் திரும்பி வந்தார். மற்ற இருவரும் இன்றுவரை என்னைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாரிக்கடை ஐயாவுக்கு இலங்கைக்குரிய டொட் எல்கே பெயர் ஒன்று எடுத்தோம். மகளின் மின்னஞ்சலையும் சேர்த்துப் பதிந்தோம். புதுப்பிக்கும் திகதியை அவர் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் கலண்டரில் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறார்.

இதை வாசிக்கிற யாரிடமாவது இன்னொருவருடைய டொமைன் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே உரியவருக்கு எழுதுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருந்தாலும் இங்கிருந்தாலும் சரி. அதே பதிவு நிறுவனத்தில் அவருக்கு ஒரு கணக்குத் திறந்து அதற்கு நகர்த்துவதுதான் சுலபம். வேறு நிறுவனத்துக்கு என்றால், உங்கள் கணக்கில் அந்த டொமைனுக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான இரகசியக் குறியீட்டை எடுத்து அவருக்குக் கொடுக்க வேண்டும். புதிதாகப் பதிந்த டொட் கொம் என்றால் முதல் 60 நாள் அப்படி மாற்ற முடியாது, காத்திருங்கள். எங்காவது சிக்கினால் கீழே கேளுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு நான் இருப்பேன், கூட இருந்து செய்து தருகிறேன்.