அஜினோமோட்டோ விஷமா?

"வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால் தலைவலிக்கிறதா? ஓட்டலில் போடும் அஜினோமோட்டோதான் காரணம், அது மூளையைத் தின்னும் விஷம்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. விஷம் என்பது தவறு.

அது மோனோசோடியம் குளுட்டமேட், சுருக்கமாக எம்.எஸ்.ஜி., உணவில் ருசிக்காகச் சேர்க்கும் ஒரு உப்பு. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடல்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் கண்டறிந்த சுவை. இன்று கரும்பு, மரவள்ளி மாதிரியான பொருட்களை நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். நன்றாகப் பழுத்த ஒரு தக்காளியை வெட்டி வாயில் போட்டால் நாக்கில் நிற்கிறதே ஒரு ருசி, அதிலும் இதே குளுட்டமேட்தான், ஏன், தாய்ப்பாலிலேயே இருக்கிறது.

அப்புறம் பயம் எங்கிருந்து வந்தது? 1968இல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார்: சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்துப் பின்புறம் மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, சோயா சாஸா, சமையல் ஒயினா, உப்பா, எம்.எஸ்.ஜி.யா என்று. கேள்வியாகத்தான் கேட்டார். பழி மட்டும் ஒன்றின்மேல் விழுந்தது.

எது உண்மையான மாத்திரை, எது வெற்று மாத்திரை என்று யாருக்கும் சொல்லாமல் கொடுத்துச் சோதித்தபோது இந்த அறிகுறிகள் சீராக வரவில்லை. உணவில்லாமல் ஒரேயடியாக 3 கிராமுக்கு மேல் விழுங்கிய சிலருக்கு லேசான தலைவலி வந்து போனதுண்டு, சரி, ஆனால் ஒரு தட்டுச் சாப்பாட்டில் வழக்கமாக அரை கிராம்கூட இருக்காது.