அந்தச் சிவப்புப் புள்ளிகளை நான் நம்புவதில்லை

இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் காட்டும் வரைபடங்களை அடிக்கடி யாராவது பகிர்கிறார்கள். அட்லாண்டிக் முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில் பல வெறும் உத்தேசம் என்று அந்த வரைபடங்கள் எங்கேயும் சொல்வதில்லை.

அன்று ஜிபிஎஸ் ஏது? சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துத்தான் இருப்பிடம் கணித்தார்கள். வானம் மூடிக்கொண்டால் வேகத்தையும் திசையையும் வைத்து ஒரு கணக்கு. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கடலைக் கட்டங்களாகப் பிரித்து, கட்ட எண்ணைத்தான் வானொலியில் அனுப்பின. இருப்பதிலேயே சிறிய கட்டத்தின் பக்கமே சுமார் ஆறு கடல் மைல்! போதாக்குறைக்கு எழுத்துப் பிழை வேறு. 1944 பிப்ரவரியில் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கி கிரேபேக், தீர்க்கரேகையில் ஒரே ஒரு இலக்கம் தவறியதால் 2019 வரை அகப்படவில்லை. தேடவேண்டிய இடத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளிக் குறித்து வைத்திருந்தார்கள்.

யு-166 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியின் கதை இன்னும் மோசம். 1942 ஜூலை 30 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ராபர்ட் ஈ. லீ என்ற பயணிகள் கப்பலை அது மூழ்கடித்தது. காவலுக்கு வந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பிசி-566 உடனே நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டது. நீர்மூழ்கியை அழித்துவிட்டோம் என்று அதன் தளபதி சொன்னதைக் கடற்படை ஏற்கவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொரு இடத்தில் குண்டு போட்ட விமானத்துக்குத்தான் அந்தப் பெருமை போனது; புள்ளியும் அங்கேயே விழுந்தது. 2001இல் எரிவாயுக் குழாய் பதிக்க ஆய்வு செய்தபோது பார்த்தால், யு-166 அந்தப் பயணிகள் கப்பலின் பக்கத்திலேயே கிடக்கிறது. தளபதிக்கு விருது 2014இல் கிடைத்தது, அவர் இறந்து பல காலத்துக்கு அப்புறம்.

சரி, துல்லியமாகத் தெரிந்தால் மட்டும் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது என்பேன், திருடர்களுக்கும் அது வழிகாட்டும். 1942இல் ஜாவா கடலில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ராய்ட்டர், ஜாவா இரண்டும் 2016இல் போய்ப் பார்த்தபோது அங்கே இல்லை. இரும்புக்காகத் திருடிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான மாலுமிகளின் கல்லறைகள் அவை.

அதனால் புள்ளி வேண்டாம், வட்டம் போடுங்கள். தெரியாத இடத்துக்குப் பெரிய வட்டம். தெரிந்த இடத்துக்கும் வேண்டுமென்றே ஒரு வட்டம். மூழ்கிய கப்பல்களின் எண்ணெய்க் கசிவைக் கவனிப்பவர்களுக்குச் சரியான இடம் தேவைதான், மறுக்கவில்லை. அவர்கள் அதிகாரபூர்வ ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். லைக்குக்காக வரைபடம் போடுகிறவருக்குத் தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் எதற்கு?